கடதாசியின் மேல் பழி போடாதீர்

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் வழியில், 1975இல் அமைந்த பின்னவல யானைகள் சரணாலயத்தின் சுற்றுப்புறத்தில், யானை இலத்தியில் செய்த கடதாசி விற்கிறார்கள். அதில் பெரஹரா யானையை இறப்பர் முத்திரையால் பதித்து, மதுசார மார்க்கரால் வர்ணம் தீட்டினாள் பேத்தி. கோடு கரைந்தது, வர்ணம் நார் வழியே பரவியது. “இனி இந்தக் கடதாசி வேண்டாம்” என்றாள்.

கோட்டைக் கெடுத்தது மை. மதுசாரத்தில் கரையும் மை அது. மார்க்கருக்கு ஈடுகொடுக்கும் நீர் சார்ந்த மையில் பதித்து, நன்கு உலரவிட்டு, வழவழப்பான தடித்த அட்டையில் தீட்டவேண்டும். பின்பு படத்தை வெட்டி, இலத்திக் கடதாசியில் ஒட்டலாம்.

நாருள்ள கடதாசி மையை உறிஞ்சுவது அதன் இயல்பு. பொருந்தாத வேலையைக் கொடுத்துவிட்டு உள்ளூர்க் கைத்தொழிலைப் பழிப்பது நியாயமன்று. விற்பவர்களும் இதைச் சொல்லி விற்கலாமே!