லோக்கலில் ஓடியது, சர்வரில் நின்றது

குன்னத்துகால், காரக்கோணம், பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் வலைத்தள வேலை கற்க வந்தால், பயிற்சி மையங்கள் பலவற்றில் முதல் பாடம் விண்டோசில் எக்ஸாம்ப் நிறுவுவதுதான். அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே லினக்ஸில் எழுதியவர்கள். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் க்னூ/லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. டெர்மினலைத் திறக்க அஞ்சாத மாணவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பட்டன்கள் உள்ள பெட்டியைக் கொடுக்கிறோம். இது மாற வேண்டும்.

காரணம் எளியது. அவர்கள் எழுதும் தளம் கடைசியில் போய்ச் சேரும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ்தான். விண்டோசில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது பொருட்டில்லை. லினக்ஸில் அவை இரண்டு வேறு கோப்புகள். மைஎஸ்க்யூஎல் அட்டவணைப் பெயர்களுக்கும் இதே கதிதான். வீட்டில் பிசகின்றி ஓடிய தளம், ஏற்றிய அன்று வெள்ளைத் திரையாக நிற்பது பல நேரம் இதனால்தான். போதாததற்கு, எக்ஸாம்ப் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது மரியாடிபி. மைஎஸ்க்யூஎல் 8 சர்வரில் எடுத்த பேக்கப்பைப் பழைய மரியாடிபியில் ஏற்றினால், கொலேஷன் தெரியாது என்று மறுத்துவிடும்.

உபுண்டுவில் அப்பாச்சி, பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் மூன்றையும் தனித்தனியே நிறுவச் சொல்லுங்கள். ரூட் பயனராக, கடவுச்சொல் இல்லாமல், பி.எச்.பி.யால் மைஎஸ்க்யூஎல்லுக்குள் போக முடியாது; அங்கே ரூட் சிஸ்டம் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். மாணவர் தனிப் பயனரை உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாக வேண்டும். எக்ஸாம்பில் யாரும் கற்காமல் தாண்டிப்போகும் பாடம் இது. சோதனைத் தளத்துக்குப் பெயர் வைக்கும்போது, அதற்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்ட டாட் டெஸ்ட் போதும். டாட் டெவ் வேண்டாம். அது இன்று கூகுள் வசமுள்ள உண்மையான டொமைன், குரோம் அதை எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் திறக்காது.

இனி எழுத்து. தமிழும் மலையாளமும் புழங்கும் இந்தக் கேரள எல்லைப் பகுதியில் இதுதான் பெரிய விஷயம். குன்னத்துகால் என்பதை மலையாளத்தில் எழுதினால் கடைசியில் வருவது சில்லு எழுத்து. 2008-இல் வந்த யூனிகோட் 5.1 அதற்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் மூன்று குறியீடுகளைச் சேர்த்து எழுதினார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்காது. யூனிகோடின் வழக்கமான சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது. நாமே மாற்றி எழுத வேண்டும். தமிழில் கொல்லங்கோடு என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். நல்லவேளையாக, இதை என்.எஃப்.சி. சீராக்கம் சரிசெய்துவிடும். மா, காணி போன்ற பழைய அளவைக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் ஏறின. அவற்றுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும், மைஎஸ்க்யூஎல்லின் பழைய மூன்று பைட் யூ.டி.எஃப்.-8 அவற்றை ஏற்காது. நிலப் பத்திரங்களை ஏற்றப்போகிறவர்கள் முதல் நாளே யூ.டி.எஃப்.-8 எம்பி4 வைக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் நான்கு போலிப் பெயர்களைப் போட்டுச் சோதித்தால் இந்தக் கோளாறுகளில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. லோக்கலில் ஏற்றும் மாதிரித் தரவில் மேலே சொன்ன ஊர்ப்பெயர்கள் இரண்டு வடிவிலும் இருக்கட்டும்.

கணினியில் எட்டு ஜி.பி. நினைவகம் இருந்தால், தனித்தனியே நிறுவுவதற்குப் பதில் டாக்கரும் நல்ல வழிதான். ஆனால் போன் டேட்டாவை நம்பியிருக்கும் மாணவரை நூற்றுக்கணக்கான எம்.பி. இமேஜைத் தானே இறக்கச் சொல்வது நியாயமில்லை. மையத்தில் ஒருமுறை இறக்கி, டாக்கர் சேவ் கட்டளையால் கோப்பாக்கிப் பென் டிரைவில் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் டாக்கர் லோட் கொடுத்தால் போதும், இணையமே வேண்டாம்.