தனிமைக்கும் கண்காணிப்புக்கும் இடையில் சீன மாணவர்கள்

2023 டிசம்பர் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பனி மூடிய மலைப்பகுதியொன்றில், கூடாரத்துக்குள் தனியாக இருந்த 17 வயதுச் சீன மாணவன் ஒருவனைப் பொலிஸார் கண்டுபிடித்தனர். அவனை யாரும் கடத்தவில்லை. குடும்பத்துக்கு ஆபத்து எனத் தொலைவிலிருந்தே மிரட்டியவர்கள், அவனைத் தானாகவே போய் ஒளிய வைத்திருந்தனர். மகன் கடத்தப்பட்டதாக நம்பிய பெற்றோர் சீனாவிலிருந்து சுமார் 80,000 டொலர் செலுத்தியிருந்தனர்.

இத்தகைய மோசடி குறித்து அவுஸ்திரேலிய, கனேடியப் பொலிஸாரும் எச்சரித்திருக்கிறார்கள். மோசடிக்காரர்கள் பெரும்பாலும் சீனப் பொலிஸாகவோ தூதரக அதிகாரியாகவோதான் பேசுகிறார்கள். பக்கத்து அறைக்காரரிடம் “இது உண்மையா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஏன் கேட்க முடிவதில்லை?

“சீனர்கள் தங்களுக்குள்ளேயே இருப்பார்கள்” என்பது வழமையான பதில். அது பாதி உண்மைதான். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்வது முதல் வாடகை அறை, பழைய சைக்கிள், றைஸ் குக்கர் வரை புதியவருக்குக் கை கொடுப்பது ‘வீசாட்’ குழுக்களும் சீன மாணவர் சங்கங்களும்தான். ஆனால் வீசாட், பெய்ஜிங்கின் தணிக்கைக்கு உட்பட்ட செயலி. சங்கங்கள் பலவற்றுக்குத் தூதரகத் தொடர்பு உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் படிக்கும் சீன, ஹொங்கொங் மாணவர்களிடம் பேசி சர்வதேச மன்னிப்புச் சபை 2024 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. போராட்டங்களில் கலந்துகொண்ட சிலரின் பெற்றோரை ஊரில் அதிகாரிகள் தேடிச் சென்று எச்சரித்ததை அது பதிவு செய்கிறது. உதவி கேட்க வேண்டிய அதே வட்டத்துக்குள் யார் தகவல் கொடுப்பவர் என்று தெரியாத நிலையில், மௌனம்தான் பாதுகாப்பு. இதைக் கூச்சம் என்றோ மொழிப் பிரச்சினை என்றோ சொல்லிக் கடந்துவிட முடியாது.

மறுபக்கத்தில் படிக்கும் நாடும் சந்தேகத்தோடு பார்க்கிறது. சீன மாணவர்களின் வீசாக்களை “தீவிரமாக” இரத்துச் செய்யப்போவதாக 2025 மே மாதம் இராஜாங்கச் செயலாளர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஓகஸ்டில் ஜனாதிபதி ட்ரம்ப், 6 இலட்சம் சீன மாணவர்களை அனுமதிப்போம் என்றார். வீட்டுக்குப் போய்த் திரும்பலாமா என்பதற்கு எதை நம்பி முடிவெடுப்பது? 2019/20 கல்வியாண்டில் அங்கு 3 இலட்சத்து 72 ஆயிரத்துக்கும் மேல் இருந்த சீன மாணவர் எண்ணிக்கை, 2023/24இல் சுமார் 2 இலட்சத்து 77 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. கொவிட் உட்பட இதற்குக் காரணங்கள் பல.

இவர்களின் கட்டணத்தில் வரவு செலவைச் சரிசெய்யும் பல்கலைக்கழகங்களோ, முதல் வாரத்து அறிமுக நிகழ்வையும் ஓர் உளவள ஆலோசனை இலக்கத்தையும் ஆதரவு என்கின்றன. அந்த இலக்கத்தை அழைக்கும் மாணவர், தான் சொல்வது தூதரகத்துக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ போகாது என்பதை யாரிடம் கேட்டு உறுதிசெய்வார்?