சம்பளப் பாக்கி பிச்சையா?

வேலையை ராஜினாமாச் செய்த ஒருவன் தான் உழைத்த மாதத்துச் சம்பளத்தைக் கேட்கப் போனால், முதலாளி "நன்றி கெட்டவன்" என்கிறார். கணக்குப்பிள்ளை "அடுத்த மாதம் வா" என்கிறார். உப்பிட்டவரை எதிர்க்கலாமா என்று உபதேசம் செய்யவும் நாலு பேர் வந்துவிடுகிறார்கள். யார் யாருக்கு உப்பிட்டது என்று நாம் கேட்கிறோம். மாதம் முழுவதும் முன்னதாக உழைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கூலிக்குக் காத்திருக்கிறவன் தொழிலாளியல்லவா? ஆகவே கடன் கொடுத்தவன் அவன், கடன்பட்டவர் முதலாளியே.

நம் தேசத்துச் சட்டமும் இதையே சொல்லுகிறது. 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், முதலாளி நீக்கிய ஆளுக்கு மாத்திரமே இரண்டாவது வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்கச் சொல்லிற்று. 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்போ, 2025 நவம்பரில் அமுலுக்கு வந்தது முதல், ராஜினாமாச் செய்தவனுக்கும் இரண்டு வேலை நாளைக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது. கொடுத்துவிட்டதாக ருஜுப்பிக்கும் பாரமும் முதலாளி தலையிலேயே. மனுச் செய்ய மூன்று வருஷம் கெடு உண்டு. பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு.

"முன்னறிவிப்பில்லாமல் போனான்" என்பார்கள். அதற்குக் கணக்கிருந்தால் எழுத்தில் காட்டட்டும். அந்தச் சாக்கில் சம்பளம் முழுவதையும் விழுங்குவது திருட்டேயாகும்.

தோழர்களே! தலைவிதி என்று உட்காராதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ராஜினாமாக் கடிதத்தின் நகல் இவைகளைப் பத்திரப்படுத்துங்கள். பாக்கியை எழுத்து மூலம் கேளுங்கள்; கொடாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் மனுச் செய்யுங்கள். கும்பிட்டு வாங்குவது பிச்சை. கணக்குச் சொல்லி வாங்குவதே கூலி.