செவிலிமேடு டு சிங்கப்பூர்: எத்தனை மணி நேரம்?

மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறப்போகும் எங்கள் செவிலிமேட்டு அக்கா, டிக்கெட்டைப் பார்த்து மிரண்டுவிட்டார். "ராத்திரி 11.30க்கு ஏறி காலையில 6.30க்கு இறங்கணுமாம். 7 மணி நேரமா? எனக்கு சுகர் வேற இருக்கே!"

அக்கா, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. தூரம், பயணம் நாலரை மணி நேரம்தான். திரும்பும்போது இரவு 9க்கு ஏறினால் 10.30க்கே சென்னை என்று காட்டும். அதையும் நம்பிவிடாதீர்கள்!

நேரத்தைத் தின்பது தரைதான். மீனம்பாக்கத்துக்கு சுமார் 65 கி.மீ., நடுவே ஸ்ரீபெரும்புதூர் நெரிசல். மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். மாலை 6 மணிக்கே கார் ஏறுங்கள். மாத்திரை எந்த நேரத்துக்கு என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அது பெரிய பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.