சோதனையில் தேறிவிட்டால் வழு திருந்திவிட்டதா?

மென்பொருள் வழுக்களைத் திருத்தும் வேலை, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் கைக்கு வேகமாக மாறி வருகின்றது. நேரம் மிச்சம், செலவு மிச்சம் என்றே பலரும் பேசுகின்றனர். நான் கேட்க விரும்புவது வேறு: வழு திருந்திவிட்டது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கின்றார்கள்?

2009 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஜென்புரொக்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினர். அது நிரலின் வரிகளை நீக்கிப் பார்க்கும்; இடம் மாற்றிப் பார்க்கும்; வேறிடத்து வரியைக் கொண்டுவந்து செருகிப் பார்க்கும். எல்லாச் சோதனைகளிலும் தேறும் மாற்றமே தீர்வாகக் கொள்ளப்பட்டது. 105 வழுக்களில் 55 ஐத் திருத்தியதாகவும், ஒன்றுக்குச் சுமார் 8 டொலரே செலவானதாகவும் 2012 இல் அறிவிக்கப்பட்டது.

2015 இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் அந்த 55 ஐயும் மீளாய்வு செய்தனர். 2 மட்டுமே சரியானவை. ஏனையவற்றில் பெரும்பாலானவை, வழு இருந்த இடத்தின் செயற்பாட்டையே அகற்றியிருந்தன. சில சோதனைகள் விடை சரியா என்றே பார்க்கவில்லை. நிரல் தடங்கலின்றி முடிந்ததா என்று மட்டுமே பார்த்தன.

கருவியை உருவாக்கியவர்களே சொன்ன உதாரணம் ஒன்றுண்டு. எண்களை வரிசைப்படுத்தும் நிரலைத் திருத்தக் கொடுத்தபோது, அது வெறும் பட்டியலைத் திருப்பித் தந்தது. வெறும் பட்டியலில் வரிசை தவறிய எண் ஏது? சோதனையில் அது தேறிவிட்டது.

இதற்கு மாற்றாக, 2013 இல் ஹொங்கொங் ஆய்வாளர்கள், மனிதர் எழுதிய 60,000 இற்கும் மேற்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 10 வார்ப்புருக்களை உருவாக்கினர். அவற்றைப் பின்பற்றிய கருவி 119 வழுக்களில் 27 ஐயும், ஜென்புரொக் 16 ஐயும் திருத்தின. ஆனால் மனிதர் எழுதியதுபோல் தோன்றுவதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. இன்றைய கருவிகள் தமது மாற்றத்துக்கு அழகான விளக்கமும் எழுதித் தருவதால் ஆபத்து கூடியிருக்கின்றதே ஒழியக் குறையவில்லை.

இது எமக்குத் தூரத்து விடயமல்ல. இலங்கையிலும் அரச சேவைகள் கணினிமயமாகி வருகின்றன. தமிழில் எழுதிய ஒரு பெயரை வாசிக்க முடியாமல் நிரலொன்று நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவைத் தாண்டிச் செல்லச் செய்வதே மிக இலகுவான 'திருத்தம்'. நிரல் ஓடும், சோதனை தேறும். அந்த மனிதர் பட்டியலில் இருக்க மாட்டார். பெயர் விடுபடுவதன் விலையை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே கருவிக்குக் காட்டாத சோதனைகள் தனியாக இருக்க வேண்டும். உள்ளே போன பதிவுகளின் எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒப்பிடப்பட வேண்டும். இறுதி ஒப்புதல் மனிதருடையதாக இருக்க வேண்டும். 2018 இல் பேஸ்புக் அறிவித்த தானியங்கித் திருத்தக் கருவியும் பொறியியலாளரின் சம்மதத்துக்குக் காத்திருந்தது. ஒரு வரி நீக்கப்பட்டால், அது செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்று கேட்டுப் பதில் பெற்ற பின்னரே அந்தத் திருத்தத்தை ஏற்க வேண்டும்.