ஈசிஜி 'நார்மல்'... ஆனாலும் நெஞ்சு படபடக்குதா? அடுத்து யாரைப் பார்க்கணும்?

சும்மா உட்கார்ந்து டிவி பார்த்துட்டு இருக்கீங்க. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது. நடுவுல ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருக்கு. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஈசிஜி எடுத்தா, 'எல்லாம் நார்மல், டென்ஷனா இருக்கும்' என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரமே மறுபடியும் அதே படபடப்பு. இப்போ என்ன பண்றது?

மாரடைப்புக்கு வழி இருக்கு, இதுக்கு?

மாரடைப்பு என்றால் தமிழ்நாட்டில் பாதை ஓரளவு தெளிவு. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அது ரத்தக்குழாய் அடைப்புக்கானது. சீரற்ற துடிப்பு என்பது இதயத்தை இயக்கும் மின்னோட்டத்தில் வரும் கோளாறு. அதுவும் வந்து வந்து போகும். அதனால்தான் சரியான டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் பலரும் அலைந்துவிடுகிறார்கள்.

ஈசிஜி ஏன் காட்டலை?

வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிதான். அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்தால் ரிப்போர்ட்டும் நார்மல்தான். அதனால்,

* படபடப்பு இருக்கும்போதே பக்கத்து மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.
* முடியலையா? 'ஹோல்டர்' பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். உடம்பில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்வார்கள்.
* மாதத்துக்கு ஒருமுறைதான் வருது என்றால் 24 மணி நேரம் போதாது. கூடுதல் நாள் பதிவு தேவைப்படலாம்.
* தைராய்டு, ரத்தசோகைகூட படபடப்பைத் தரும். அந்தச் சோதனைகளும் எக்கோவும் முக்கியம்.

விட்டுட்டா என்ன ஆகும்?

எல்லாப் படபடப்பும் ஆபத்து இல்லை. ஆனால் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற வகையில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். இதற்கு ஆஸ்பிரின் போதாது. வயது, பிபி, சுகர் எல்லாம் பார்த்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் நம்ம ஊரில் நிறைய. இவர்களுக்குப் புதிய ரிவராக்சபனைவிட வார்ஃபரின் வகை மாத்திரைகளே நல்ல பலன் தந்ததாக 2022-ல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு காட்டியது. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடவே கூடாது என்பது இதனால்தான்.

சரி, யாரைப் பார்க்கணும்?

முதலில் கார்டியாலஜிஸ்ட். மருந்து சாப்பிட்டும் நிற்கலை, மயக்கம் வருது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருக்கிறார்கள் என்றால், 'எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்டைப் பார்க்கணுமா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். கார்டியாலஜி முடித்து, துடிப்புக் கோளாறுகளுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர் இவர். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான இடத்தைச் செயலிழக்க வைக்கும் 'அப்லேஷன்' சிகிச்சையைச் செய்பவரும் இவரே. 'எஸ்விடி' என்ற வகைப் படபடப்பு பெரும்பாலானோருக்கு இதில் குணமாகிவிடும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயவியல் பிரிவில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கையில் என்ன கொண்டு போகணும்?

* படபடப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது
* பழைய ஈசிஜி தாள்கள் எல்லாம்
* இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள்

வெளியே வரும் முன் ஒரே ஒரு கேள்வி: 'எனக்கு இருக்கிற துடிப்புக் கோளாறுக்குப் பேர் என்ன?' அந்தப் பெயர் தெரிந்தால்தான் அடுத்த சிகிச்சையும் சரியாக அமையும்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் வராமல் போனாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.