வெட்கம் நோயை வளர்க்கும்!

நோய் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வரும் முன்பே தடுத்துக்கொள்வது நல்லது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், தடுப்பு ஊசி போடும் இடத்துக்குள் நுழையவே ஒருவர் வெட்கப்பட்டால் என்ன செய்வது?

2022-ம் ஆண்டு அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்தது.

அந்த ஆண்டு அங்கே "குரங்கு அம்மை" நோய் வேகமாகப் பரவியது. ஏறக்குறைய 30 ஆயிரம் பேருக்கு நோய் கண்டது. நியூயார்க் நகரத்தில் மட்டும் 3 ஆயிரம் பேருக்கு மேல்!

பழைய நோய்

இது புதிய நோய் அல்ல. மனிதருக்கு இது வந்தது முதன்முதலாக 1970-ம் ஆண்டில் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோ நாட்டில், 9 மாதக் குழந்தை ஒன்றுக்கு இந்த நோய் வந்தது.

குரங்கு அம்மை, பெரிய அம்மைக்கு உறவு. காய்ச்சல் வரும். நெறி கட்டும். உடம்பில் வலியுள்ள கொப்புளங்கள் தோன்றும். பெரிய அம்மைக்காகப் போட்ட அம்மைப்பால், இந்த நோயையும் பெரும்பாலும் தடுத்து வந்தது.

பெரிய அம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை குத்துவதும் நின்றது. பிறகு பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

நீண்ட வரிசை

இப்போது புதிய தடுப்பு ஊசி இருக்கிறது. 28 நாள் இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். எல்லோருக்கும் இது தேவை இல்லை. நோய் தொற்றும் அபாயம் உள்ளவர்களுக்கே தேவை.

2022 ஜூன் மாதம் நியூயார்க்கின் செல்சி பகுதியில், நகர சுகாதார நிலையம் ஒன்றில் இந்த ஊசியை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். கூட்டம் திரண்டது. மருந்து போதவில்லை. பலர் ஏமாற்றத்துடன் திரும்பினார்கள்.

ஆகஸ்டு மாதம் டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். தோலுக்குக் கீழே ஆழமாகப் போடாமல், தோலுக்குள் மேலாக ஊசி போட்டால், ஐந்தில் ஒரு பங்கு மருந்தே போதும். ஒருவருக்கான மருந்து, ஐந்து பேர் வரை வந்தது.

காட்டிக்கொடுத்த தழும்பு

அதிலும் ஒரு சிக்கல்! ஊசி போட்ட முன்கையில் சிறிய தழும்பு விழுந்தது.

நெருங்கிய உடல் தொடர்பினால் பரவும் நோய் இது. அந்த ஆண்டு, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையேதான் அதிகம் பரவியது. ஆகவே, "தழும்பைப் பார்த்து ஊர் என்ன பேசுமோ?" என்று பலர் அஞ்சினார்கள். ஊசி போடாமலே இருந்துவிட்டார்கள்.

சுகாதாரத் துறையினர் அவர்களைக் குறை கூறவில்லை. தோளிலோ முதுகின் மேல்புறத்திலோ ஊசி போடலாம் என்று விதியை மாற்றினார்கள். அங்கே போட்டால் சட்டை மறைத்துவிடும் அல்லவா? அந்தரங்க விவரங்களைச் சொன்னால்தான் ஊசி என்ற கட்டாயமும் வேண்டாம் என்றார்கள். அட்லாண்டா, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களில், மக்கள் கூடிய விழாக்களுக்கே மருந்தைக் கொண்டு போனார்கள்.

ஊசி பலருக்குப் போய்ச் சேர்ந்தது. மக்களும் எச்சரிக்கையாக நடந்துகொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நோய் வெகுவாகக் குறைந்தது.

இருந்தாலும், முதல் ஊசி போட்ட பலர் இரண்டாவது ஊசிக்கு வரவில்லை. இது தவறு. பாதி கட்டிய கரை வெள்ளத்தைத் தாங்குமா? இரண்டு ஊசியும் போட்டால்தான் முழுப் பலன்.

நோய் ஆள் பார்த்து வருவதில்லை. காங்கோவில் இந்த நோயால் மிகவும் துன்பப்படுவது, ஒரு பாவமும் அறியாத சின்னஞ்சிறு குழந்தைகள்!

எனவே நோயாளியை யாரும் இழிவாகப் பேசக் கூடாது. கேலிக்கு அஞ்சி ஒருவர் ஒளிந்துகொண்டால், நோயும் அவரோடு ஒளிந்துகொள்ளும். பிறகு பக்கத்து வீட்டுக்கும் பரவும்.

மருந்து கண்டுபிடிப்பது விஞ்ஞானியின் வேலை. அதைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டு வருவது சர்க்காரின் வேலை. அங்கே போகிறவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது ஒவ்வொருவரின் கடமை!